காலுக்குக் காத்திருக்கும் பியானோ

குழந்தைகளுக்கான நல்ல இசை-அசைவு வகுப்பு ஒன்றைப் பார்க்கப் போனால் முதலில் ஆசிரியையின் கண்களைக் கவனியுங்கள். விரல்கள் பியானோவில் ஓடிக்கொண்டிருக்கும். பார்வை முழுக்கக் குழந்தைகளின் கால்களில் இருக்கும். எதிரில் இசைக்குறிப்புத் தாள் எதுவும் கிடையாது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று வெறுங்காலோடு கூடத்தின் குறுக்கே போகிறது. அதன் நடை என்ன வேகமோ அந்த வேகத்தில் ஒரு மெட்டை அப்போதே கட்டி வாசிக்கிறார். குழந்தை ஓடினால் மெட்டும் ஓடுகிறது, தயங்கினால் தயங்குகிறது. சிறிது நேரத்தில் தன் காலுக்கும் அந்த ஓசைக்கும் சம்பந்தம் இருப்பது குழந்தைக்குப் பிடிபடுகிறது. சோதித்துப் பார்க்கச் சட்டென்று நிற்கிறது. பியானோவும் நிற்கிறது. அப்போது அந்த முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்கவே எத்தனை வகுப்புக்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அதற்கப்புறம்தான் பாடம் திசை மாறும். இனி இசை முன்னால் போகும், கால் தொடரும்.

முதலில் குழந்தையின் நடையை மதிப்பது, பிறகு அதை அழைத்துச் செல்வது. இந்த வரிசைதான் இந்தக் கலையின் உயிர். பெரியவர்களின் நடையைவிடச் சிறு குழந்தையின் இயல்பான நடையில் அடிகள் வேகமாக விழும். நம் காலப்பிரமாணத்தை அதன்மேல் சுமத்தினால் அது தாளம் தப்பும்; தப்புவது குழந்தையின் குறை என்று நாமும் நினைத்துவிடுவோம்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் எமில் ழாக்-டால்க்ரோஸ். 1865இல் வியன்னாவில் பிறந்த சுவிட்சர்லாந்துக்காரர். இளம் வயதில் அல்ஜியர்ஸ் நகர நாடக அரங்கு ஒன்றில் இசை நடத்தப் போனபோது, ஐரோப்பியக் காதுக்குப் பழகாத அரபுத் தாளக்கட்டுகளைக் கேட்டு வியந்தார். 1892இல் ஜெனீவா இசைப்பள்ளியில் ஹார்மனி பாடத்துக்கு ஆசிரியரானார். அங்கே அவரை உறுத்தியது ஒன்றுண்டு. மாணவர்கள் சுரங்களைத் தாளில் பிழையில்லாமல் எழுதினார்கள். எழுதியது அவர்கள் காதில் ஒலிக்கவில்லை. விரல் சுத்தமாக ஓடியவர்களுக்கும் தாளம் நிற்கவில்லை. ஆனால் அதே மாணவர்கள் தெருவில் நடக்கும்போது அடி சீராகத்தான் விழுந்தது. லயம் உடம்பில் இருக்கிறது, வாத்தியத்துக்குத்தான் வந்து சேரவில்லை என்று புரிந்துகொண்டார். மாணவர்களை எழுப்பி நடக்க வைத்தார்.

வெறுங்காலும் மறைக்காத கைகளுமாக மாணவிகள் கூடத்தில் நடப்பது அன்றைய ஜெனீவாவுக்குப் பிடிக்கவில்லை. 1905இல் சோலோதுர்ன் நகரில் இசை ஆசிரியர்கள் முன்னால் அவர் காட்டிய செய்முறைதான் வெளியுலகின் கவனத்தைத் திருப்பியது. ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே ஹெல்லராவ் என்ற தோட்ட நகரில் அவருக்கென்றே ஒரு பள்ளி எழுந்தது. 1914இல் பிரான்சின் ரைம்ஸ் தேவாலயத்தின் மீது ஜெர்மானியப் படை குண்டு வீசியதைக் கண்டிக்கும் அறிக்கையில் கையெழுத்திட்டார். ஹெல்லராவுக்குத் திரும்பும் வழி அத்தோடு அடைபட்டது. மறு வருடமே ஜெனீவாவில் புதிய நிலையம் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. யூரித்மிக்ஸ் என்று உலகம் அழைக்கும் இந்த முறைக்குத் தாய்வீடு அதுதான்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது நிறுத்தம். பார்க்க எளிய பயிற்சி. குழந்தைகள் அடிக்கு ஓர் எட்டாக நடக்கிறார்கள். ஆசிரியை "ஹாப்!" என்றதும் நிற்க வேண்டும், அடுத்த "ஹாப்"புக்கு நடக்க வேண்டும். கொஞ்சம் பழகியதும் சொல் போய்விடும், இசையே நிற்கும். பழகாத குழந்தை இரண்டு எட்டு தாண்டிப் போய்த்தான் நிற்கும். சில வாரம் போனால் பாருங்கள்: தூக்கிய கால் அந்தரத்தில் இருக்க, கைகள் இருபுறமும் விரிந்து எடை தேட, வயிறு எக்கி, மூச்சைப் பிடித்து, காது மட்டும் முழுசாகத் திறந்து ஒரு நான்கு வயது உடம்பு நிற்கிறது. ஓடு என்றால் எந்தக் குழந்தையும் ஓடும். ஓடத் துடிக்கும் காலைத் தானே பிடித்து நிறுத்துவது பெரிய வேலை. வரிசையில் தன் முறைக்குக் காத்திருக்கவும், நண்பன் பேசி முடிக்கும்வரை பொறுக்கவும் தேவைப்படுவது இதே அடக்கம்தான். வகுப்பில் அது விளையாட்டாக வந்து சேருகிறது, யாரும் அதட்டாமல்.

உடம்பு அசைந்தால்தான் காது முழுமையாகக் கேட்கும் என்ற டால்க்ரோஸின் நம்பிக்கைக்குப் பின்னாளில் அழகான சான்று ஒன்று கிடைத்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் ட்ரெய்னரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தம் எதுவும் இல்லாத ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டார்கள். சில குழந்தைகளை இரண்டடிக்கு ஒருமுறை தூக்கிக் குலுக்கினார்கள், சிலரை மூன்றடிக்கு ஒருமுறை. பிறகு அழுத்தத்தோடு வாசித்துக் காட்டியபோது, எந்தக் கணக்கில் தங்கள் உடம்பு குலுங்கியதோ அந்தக் கணக்கையே குழந்தைகள் அதிக நேரம் விரும்பிக் கேட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அப்படியே. வேறொருவர் குதிப்பதைப் பார்த்தது மட்டும் போதவில்லை. அதே ஆய்வகத்தில் 2014இல் இன்னொன்று: பதினான்கு மாதக் குழந்தையை இசைக்கு ஆட்டும்போது எதிரில் ஒருவர் அதே கதியில் சேர்ந்து குதித்தார். பிறகு அவர் துணி காயப்போடும் கிளிப்பைக் கைதவறவிட்டால், ஓடி எடுத்துக்கொடுக்கும் குழந்தைகள் அதிகம். கதி பிசகிக் குதித்தவருக்கு அத்தனை உதவி கிடைக்கவில்லை. கூடி அசைந்தவர்களைக் குழந்தை தன் ஆளாகக் கொள்கிறது.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் குழந்தையின் வளர்ச்சியை அசைவில்தான் கண்டார்கள். செங்கீரைப் பருவத்தில் முகம் தூக்கி ஆடுகிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது, வருகையில் தளர்நடை இடுகிறது.

இத்தனை நல்ல காரணங்கள் இருக்க, "மூளை வளரும், கணக்கு வரும்" என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1993இல் மொசார்ட் இசையைப் பற்றி வெளிவந்த சிறு ஆய்வு ஒன்று ஊதிப் பெருத்த கதை அது. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். பலனும் கால்மணி நேரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. 2013இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நான்கு வயதுக் குழந்தைகளை இசை வகுப்பில் சேர்த்துப் பார்த்தபோதும், பொது அறிவுத்திறன் கூடியதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன? கேட்கத் தெரிவதும், நிற்கத் தெரிவதும், இன்னொருவரோடு சேர்ந்து அடி வைக்கத் தெரிவதும் சின்ன வரவா?

ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டு, ஆசிரியை முன்னால் நின்று ஆட, முப்பது குழந்தைகள் பார்த்து ஆடும் வகுப்புகள்தான் இன்று அதிகம். குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவான பாட்டு யாருக்காகவும் நிற்காது. பின்தங்கிய குழந்தை பின்தங்கியே ஆடி முடிக்கும். பியானோ வாங்க வசதி இல்லையே என்று கேட்கலாம். ஒரு கஞ்சிரா போதும், டேப் என்ற தோல்வாத்தியம் போதும். தட்டுகிறவர் கால்களைப் பார்த்துத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆதி தாளம் போடும் கையைப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. வீச்சில் சத்தமே கிடையாது, ஆனால் அந்த அட்சரத்தின் கணக்கு துளியும் குறையாது. டால்க்ரோஸ் காலில் கற்பித்த மௌனம் நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. குறை என்னவென்றால், ஐந்து வயதில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, அந்தக் கையைத் தொடை தட்ட மட்டும் பழக்குகிறோம். சரளி வரிசை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகளைக் கூடத்தில் எழுந்து நடக்கவிடலாம். தட்டுக்கு ஓர் எட்டு, விரலுக்குக் குதிகால் தூக்கிச் சின்ன எட்டு, வீச்சுக்குக் கால் தரையில் படாமல் காற்றில் ஓர் அரைவட்டம். ஆசிரியர் வாயால் பாடிக்கொண்டே, கடைசியாக வரும் பிள்ளையின் காலைப் பார்த்துக் காலப்பிரமாணத்தை வைத்துக்கொள்ளட்டும்.