ஓவியம் ஊட்டும் அச்சம்

மலைமுகட்டில் இருவர். அவன் கொலை செய்யக் கூட்டி வந்தவன்; அவள் காதலை நம்பி வந்தவள். சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1950-இல் தந்த 'மந்திரிகுமாரி'யின் அந்தக் காட்சியை மறந்தார் உண்டோ? படக்கூடம் மறைந்தது, ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு எஞ்சிற்று, காட்சி மட்டும் சாகவில்லை. கலைஞரின் வசனம் அப்படத்தின் உயிர்தான். ஆயினும் முகட்டிலே நம் மூச்சை நிறுத்துவது வசனமன்று. சாகுமுன் கணவனை வலம் வர வேண்டுமென்கிறாளே, அந்த மூன்று சுற்று! வசனத்தை மனப்பாடம் செய்தோம், மேடைதோறும் முழங்கினோம். கண் கண்டதைப் பற்றிப் பேசினோமா? இல்லை. குற்றம் நம்முடையதே.

மலையுமின்றி, நடிகருமின்றி, தூரிகை ஒன்றாலே அச்சத்தை ஆக்க முடியுமா? முடியும் என்றது 1953-இல் அமெரிக்க யு.பி.ஏ. நிறுவனத்தின் 'தி டெல்-டேல் ஹார்ட்'. எட்கார் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட சிறுகதை. டெட் பார்மெலி இயக்கம். பால் ஜூலியன் ஓவியம். ஏறத்தாழ 8 நிமிடம். கார்ட்டூன் என்றால் கோமாளிக் கூத்து என்றிருந்த நாளில், பிரிட்டிஷ் தணிக்கையாளர் இதற்கு வயது வந்தோர்க்கு மட்டுமே உரிய 'எக்ஸ்' சான்று அளித்தனர்!

கிழவனின் வெளிறிய கண் ஒருவனை வாட்டுகிறது; கொல்கிறான்; தரைப்பலகையின் கீழே புதைக்கிறான். கொலைகாரனை நாம் பெரும்பாலும் நிழலாகவே காண்கிறோம். அவன் கண்கொண்டு வீட்டைப் பார்க்கிறோம். ஆதலால் கோணலான சுவரும் படிக்கட்டும் நம் அறிவையே கலக்குகின்றன. படத்தில் அசைவு குறைவு. தீட்டிய ஓவியத்தின் மீது காமிரா மெல்ல ஊர்கிறது. அசையாத இருளில் அடுத்து எது அசையுமோ என்று நம் கண் துழாவுகிறதே, அங்கே பிறக்கிறது அச்சம்.

பேயில்லை, பிசாசில்லை, வேப்பிலையில்லை! செத்தவனின் இதயம் துடிப்பதாகக் கேட்பது கொன்றவனின் மூளை. நம் நாட்டுப் பேய்ப் படங்களோ இதே இருளையும் நிழலையும் கடன் வாங்கி, முடிவில் மந்திரவாதியிடம் கொண்டுபோய் அடகு வைக்கின்றன.

குறையும் உண்டு. ஜேம்ஸ் மேசனின் குரல் சிறந்ததே. எனினும் ஓவியம் காட்டிவிட்டதையே சில இடங்களில் திரும்பச் சொல்கிறது. வசனப் பித்து நமக்கு மட்டுமில்லை போலும்!

இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் கணிப்பொறி முன் அமர்ந்து சித்திரப் படம் செய்ய முனையும் தோழர்கள், இப்படத்தை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். பிறகு 'மந்திரிகுமாரி'யின் அந்த மூன்று சுற்றையும் அவ்வாறே பார்க்கட்டும்.