மத்தளமும் தாளமானியும்

தாளத்தை அளத்தல் வேறு. தாளத்தை நடத்துதல் வேறு. முரசொலியைப் பதிவு செய்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மெல்செல் என்பார் 1815ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற மெட்ரோனோம் எனும் தாளமானி, நிமிடத்திற்கு இத்தனை தட்டு என வரையறுத்து ஒலிப்பது. இன்று ‘மெட்டல்’ எனப்படும் மேனாட்டு இசையைப் பதியுங்கால், அதன் ‘கிளிக்’ ஒலியை டிரம்ஸ் வாசிப்போர் காதிற் கேட்டுக்கொண்டே வாசிப்பது பெருவழக்கு. டிரம்சும் கிற்றாரும் பாட்டும் வெவ்வேறு நாளிற் பதியப்பெற்றுப் பின்னர் இணைக்கப்படுதலின், பொதுவானதோர் அளவு வேண்டப்படுகின்றது. நிமிடத்திற்கு 200 தட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் இரு காலாலும் முரசறையுமிடத்துச் சிறு பிசகும் புலப்பட்டுவிடும். ஆதலின் கிளிக்கை முற்றாகப் பழித்தல் முறையன்று.

ஆயினும், அவ்விசைக்கு முன்னோடியெனப் போற்றப்படும் பிளாக் சபத் குழுவினரின் முதல் இசைத்தட்டு, 1969 அக்டோபரில் ஒரே நாளில், குழுவினர் ஒருங்கிருந்து வாசிக்கப் பதியப்பட்டது. அதன் முதற் பாடல் மெல்லத் தொடங்கி இறுதியில் விரைகின்றது. அவ்விரைவே பாடலின் அச்சச் சுவையை முற்றுவிக்கின்றது.

இவ்வுண்மை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆடப்படும் கூத்திற்கு இன்னும் மிகப் பொருந்தும். வடமோடியாயினும் தென்மோடியாயினும், மத்தளம் கொட்டும் அண்ணாவியாரின் கண் ஆடுவோன் காலில் நிற்கும். தாளக்கட்டுச் சொல்லச் சொல்ல ஆட்டம் விரையும். விருத்தம் எழுந்தவிடத்துத் தாளம் ஒதுங்கி நிற்கும். ஆடுவோன் இளைத்தானேல் மத்தளம் அவனைத் தாங்கும். ஊக்கமுற்றானேல் மேலும் தூண்டும். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைச் சுருங்கிய வடிவில் மேடையேற்றியபோது இரவு முழுதும் ஆடும் நேரம் குறைந்தது; மத்தளத்திற்கும் காலுக்கும் உள்ள உறவோ அறுபடவில்லை.

ஆடுவோனை விலக்கி, மாறாத கிளிக்கிற்கு அமைய மத்தளத்தை மட்டும் பதிந்தால் அவ்வுறவு அறும். ஒலி தெளிவாயிருக்கும், ஆயின், எவருடைய காலுக்காகக் கொட்டப்பட்டது என்பது விளங்காது. பயிலத் தொடங்கும் மாணவனுக்குச் சீரான நடை உதவும் என்பர். அடவு பழகும் அளவிற்கு அஃது உண்மையே. ஒலிப்பதிவையே ஆசானாகக் கொண்டு ஆடப் புகும் இளைஞன், ஒரே வேகத்தையே கூத்தின் இலக்கணமெனக் கொள்ளின், அப்பிழை அடுத்த தலைமுறைக்கும் சென்று சேரும்.

ஆதலின் கூத்தைக் களரியிலேயே, ஆடுவோரும் பிற்பாட்டுக்காரரும் சூழப் பதிதல் வேண்டும். கிளிக் இன்றியமையாததாயின், அண்ணாவியாரை முதலில் தம் விருப்பப்படி வாசிக்கவிட்டு, அவர் விரைந்தும் தளர்ந்தும் சென்ற நடைக்கேற்பக் கிளிக்கை அமைத்தல் கூடும். இன்றைய கணினி அதற்கு இடந்தருகின்றது. கருவி மத்தளத்தைப் பின்தொடர்க. மத்தளம் ஆடுவோனைப் பின்தொடர்க. இவ்வொழுங்கைப் பேணுதல் கூத்தைப் பதிவு செய்யப் புகுவோர் கடனாகும்.