பட்டியல் காப்பாற்றுமா, பேச்சு காப்பாற்றுமா?

அறுவை சிகிச்சைக் கூடத்தில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். கத்தியை வைக்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், நர்ஸ் ஆகிய ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்கிறார்கள். 'நோயாளி யார்? எந்தப் பக்கம் அறுவை? கிருமிக்கொல்லி மருந்து 60 நிமிடத்துக்குள் கொடுத்தாயிற்றா?' என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியல் கூறும் முறை இது.

இந்தப் பட்டியலை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பாஸ்டன் மருத்துவர் அதுல் கவாண்டே, 2009இல் 'தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ' என்னும் நூலை வெளியிட்டார். கதைபோல் படிக்கலாம். 1935இல் அமெரிக்காவில் டேட்டன் நகரில் புதிய போயிங் குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்தது. ஓட்டியவர் தேர்ந்த விமானிதான். ஆனால் கட்டுப்பாட்டுப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார். அதன் பிறகே விமானிகள் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் எடுத்தனர். திறமைசாலிக்கும் மறதி உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நூலின் உயிர்நாடி ஓர் ஆய்வு. டில்லி, மணிலா, டொராண்டோ, லண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில், பட்டியலுக்கு முன் 3,733 நோயாளிகளும் பின் 3,955 நோயாளிகளும் கவனிக்கப்பட்டனர். மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆயின.

இங்கே சற்று நிதானிப்போம். ஆறு முக்கியப் பாதுகாப்புச் செயல்களையும் முழுமையாகச் செய்தது, நூற்றுக்கு 34.2இலிருந்து 56.7 ஆகத்தான் உயர்ந்தது. அதாவது, பட்டியல் வந்த பின்னும் நூற்றுக்கு 43 பேருக்கு ஏதாவது ஒன்று விடுபட்டது. ஆயினும் மரணம் ஏறக்குறையப் பாதியாயிற்று. அப்படியானால் பலன் எங்கிருந்து வந்தது? வாய்திறந்து பேசும் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார் ஆசிரியர். பெயர் தெரிந்தவரிடம் 'ஐயா, கொஞ்சம் நில்லுங்கள்' என்று சொல்வது நர்ஸுக்கு எளிது. கருத்து நியாயமானதே.

ஆனால் அது நிரூபணமாகிவிடாது. அதே காலத்தில் பட்டியலின்றி இயங்கிய ஒப்பீட்டுக் குழு இந்த ஆய்வில் இல்லை. தம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர் கூடுதல் கருத்தோடு உழைப்பர். இரண்டு மாறிகள் ஒருங்கே மாறினால் எது காரணம் என்று சொல்ல முடியாது. இது பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே நாம் கற்ற பாடம். ஆய்வை நடத்தியவரே நூலையும் எழுதும்போது இந்த ஐயத்தை இன்னும் அழுத்தமாக எழுப்பியிருக்க வேண்டும்.

2014இல் வெளியான கனடா ஆய்வு ஐயத்தை வலுப்படுத்தியது. ஒன்டாரியோ மாநிலத்தின் 101 மருத்துவமனைகளில் மரணம் நூற்றுக்கு 0.71இலிருந்து 0.65 ஆயிற்று; புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. பட்டியலை ஏறத்தாழ எப்போதும் பயன்படுத்தியதாக மருத்துவமனைகளே அறிவித்திருந்தன! மரணம் முன்பே குறைவாக இருந்ததால், சிறு முன்னேற்றம் கண்ணுக்குப் படாமல் போயிருக்கலாம். அல்லது, குறியிட்டார்கள், பேசவில்லை என்றும் இருக்கலாம்.

இரண்டாவது காரணம் உங்களுக்கும் பழக்கமானதுதான். வெர்னியர் அளவியைப் பார்க்காமலே 'சுழிப் பிழை இல்லை' என்று நோட்டில் எழுதிய மாணவர் எத்தனை பேர்! கட்டம் நிரம்பிவிட்டது, பிழை அப்படியே இருக்கிறது.

நூலின் குறை இதுவே: பட்டியல் எழுதுவது எளிது, பெரியவரை இளையவர் தடுத்துக் கேட்கும் சூழலை உண்டாக்குவது கடினம். முன்னதைப் பற்றி நிறையப் பேசும் ஆசிரியர், பின்னதை எப்படிச் செய்வது என்பதைப் போதிய அளவு சொல்லவில்லை.

ஆயினும் ஒரு செய்தி மனத்தில் நிற்கிறது. ஆய்வில் பங்குகொண்ட ஊழியர்களில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் எளிதாக இல்லை என்றனர். 'உங்களுக்கே அறுவை சிகிச்சை என்றால்?' என்று கேட்டபோது, 93 பேர் பட்டியல் வேண்டும் என்றனர்!

ஆகவே வாசகர்களே, நூலைப் படியுங்கள். எண்களைச் சந்தேகித்தே படியுங்கள். நாளை உங்கள் வீட்டில் ஒருவர் அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது, 'உங்கள் பெயர் என்ன? எந்தக் கால்?' என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டால் சலித்துக்கொள்ளாமல் மூன்று முறையும் பதில் சொல்லச் சொல்லுங்கள்.