பாட்டுக் கேட்க வந்தவன்

சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'வை மர்மக் கதை என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். கொலையும் புதையல் பேச்சும் இருப்பது உண்மைதான். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் அதை மறுபடி படித்தபோது என்னை இழுத்துப் பிடித்தது அந்த நாவலின் காது.

கல்யாணராமன் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்கத் திருநிலம் என்ற கிராமத்துக்கு வருகிறான். தங்கக் கிடைப்பது பழைய ஜமீன் வீடு. பகலில் ஊர் பாடுகிறது. இரவில் வீடு சத்தம் போடுகிறது. பகலில் கேட்பதைத் தாலாட்டு, ஒப்பாரி என்று இனம் பிரிக்கத் தெரிந்தவன் அவன். இரவில் கேட்பதற்கு அவனிடம் இனமே இல்லை. அங்கேதான் பயம் முளைக்கிறது. பேயைக் காட்டி மிரட்டுவது யாருக்கும் வரும். கேட்கப் பழகிய காதையே அதன் சொந்தக்காரனுக்கு எதிராகத் திருப்பியது எவ்வளவு நுட்பமான வேலை!

அத்தியாயங்களின் தலையில் நாட்டுப்பாடல் வரிகள் வருகின்றன. நிதானமான அந்த மெட்டு மனதில் ஓடி முடிவதற்குள் சுஜாதாவின் நறுக்கு வாக்கியங்கள் தொடங்கிவிடும். ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை என்பதால் அத்தியாய முடிவு ஒவ்வொன்றும் நம்மை ஒரு வாசலில் நிறுத்திவிட்டுப் போகும். மெதுவாய் ஏற்றி, சட்டென்று விடுகிற இந்த நடையில்தான் நெஞ்சு படபடக்கிறது.

ஊர்ப் பெண் வெள்ளியின் மேல் கல்யாணராமனுக்கு மனசு. அவளுக்கோ மருதமுத்து என்பவன் மேல். நகரத்திலிருந்து ஸ்நேகலதா என்ற பெண் வந்து இறங்கியதும் எல்லார் மனமும் கலைகிறது. ஊரையே உற்றுக் கவனிப்பவன் தன் ஆசையை மட்டும் சரியாக எடைபோட முடியாமல் தவிப்பதைச் சுஜாதா இரக்கத்தோடு எழுதுகிறார்.

தோட்டத்தில் வளர்ந்த கிள்ளான்காரர்களுக்குத் திருநிலம் அந்நியமாகத் தெரியாது. தோட்டத்திலும் மேட்டில் துரை பங்களா, கீழே தொழிலாளர் லயம். புது முகம் ஒன்று வந்தால் மறுநாள் காலைப் பெரட்டிலேயே பேச்சாகிவிடும். இருட்டிய பிறகு பங்களாப் பக்கம் போகாதே என்று பாட்டிமார் சொல்லாத தோட்டம் உண்டா?

1981இல் ஜி.என். ரங்கராஜன் இதைப் படமாக்கினார், பிரதாப் போத்தனும் ஸ்ரீபிரியாவும் நடித்தார்கள். இருந்தாலும் முதலில் புத்தகத்தைப் படியுங்கள். கொலையாளியைத் தேடும் அவசரத்தில் அத்தியாயத் தலைப்பில் இருக்கும் பாட்டுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.