குறிப்பறிதலும் கூறுதலும்

திருக்குறளின் 71ஆம் அதிகாரமாகிய குறிப்பறிதல், அரசனைச் சார்ந்து ஒழுகுவார்க்கு வேண்டும் ஆற்றலொன்றை விதந்து ஓதுகின்றது. சொல்லாமலே பிறர் கருத்தை உணர்வார் ஒரு திறத்தினர். ஏனையோர் உறுப்பளவில் மட்டுமே அவரை ஒப்பர் என்பது அதன் நான்காம் குறளின் துணிபு. இதனை யாம் வகுப்பில் விரித்துரைத்த நாளொன்றில், திருவெறும்பூரிலிருந்து வந்து முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், "அங்ஙனமாயின் நான் எத்திறத்தேன், ஐயா?" என வினவினார். அவர், மதியிறுக்கம் எனவும் வழங்கும் ஆட்டிசம் உடையவர். முகக்குறிப்பு அவர்க்கு எளிதிற் புலனாவதன்று. அச்சுப்படியிற் பிழை காண்பதிலோ அவர்க்கு நிகராவாரை யாம் கண்டிலம். பணியேற்கும்போது இந்நிலையை மேலதிகாரிக்கு உரைப்பதா, மறைப்பதா என்பதே அவ்வினாவின் உட்கிடை. பழைய உரைவழி நின்று யாம் அன்று கூறிய விடை போதாது.

குறிப்புணரும் கடனை ஒருவர் தலைமேலேயே ஏற்றுதல் பொருந்துமா? ஆட்டிசம் உடையாரும் அஃதில்லாரும் ஒருவரையொருவர் உணராமை இருபாலார்க்கும் பொதுவாகிய குறை என, தாமும் ஆட்டிசம் உடையவராகிய டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். இதனை ஏற்பின், நான்காம் குறளின் குறை அரசனையும் சாரும். வள்ளுவரும் இதற்கு இடம் வைத்துள்ளார். தெரிந்துவினையாடல் (52) முழுதும் ஆள்வோனை நோக்கியது. ஒருவனைத் தேர்ந்தபின் அவ்வினைக்கு அவனைத் தகுதியுடையனாக்குதலும் ஆள்வோன் கடனே என்பது அதன் எட்டாம் குறள். இவ்விரண்டு அதிகாரங்களையும் தனித்தனியே பயிற்றுதல் நம் வழக்கத்தின் குறைபாடு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தழுவியது. அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் ஏற்ற வசதி செய்து தருதல் வேண்டும் என விதிக்கின்றது. ஆயின் கூறினாலன்றி அவ்வசதியைக் கேட்டுப் பெறுதல் அரிது. ஒதுக்கீடு வேண்டுவார்க்கோ சான்றிதழ் காட்டாது வேறு வழியில்லை. ஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லாத தனியார் பணியிடத்திலேயே அம்மாணவரின் ஐயம் கூர்மையுறுகின்றது.

அவர் ஊர்த் தலவரலாறு ஈண்டு நினைத்தற்குரியது. தாரகாசுரன் அறியாவண்ணம் தேவர் எறும்புருக் கொண்டனர். இலிங்கம் வழுக்கவே, இறைவன் புற்றுருவாய்ச் சாய்ந்து கொடுத்தான் என்ப. அசுரனுக்கு மறைத்த வடிவே இறைவனிடத்து வேண்டுகோளாயிற்று. கேட்பவர் யாவர் என்பதைக் கொண்டே கூறலும் மறைத்தலும் அமையும்.

அம்மாணவர் இன்று தனியார் அலுவலகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகின்றார். பணிக்குறிப்புகளை வாய்மொழியாக அன்றி எழுத்தில் தருமாறு கேட்டுப் பெற்றார். ஆட்டிசம் என்னும் பெயரை அங்கு இன்னும் உரைத்திலர். உரைக்குமாறு யாமும் சொல்லவில்லை.