இரங்கல் யாருக்குச் சொந்தம்?

நாடகக்கார நண்பர் ஒருவர் பழவேற்காட்டு மணலில் மோண்டெவெர்டியின் 'அரியான்னா புலம்ப'லைத் தமிழில் நிகழ்த்த வேண்டும் என்கிறார். ஒற்றைப் பெண், பின்னால் ஏரி, ஓரமாகக் கவிழ்த்துப் போட்ட படகுகள். காட்சி அழகாகத்தான் இருக்கும். எனக்குள்ள தகராறு அந்தப் 'பின்னால்' என்கிற சொல்லோடுதான்.

1608இல் மாண்டுவா அரண்மனைக் கல்யாணம் ஒன்றுக்காக எழுதப்பட்ட இசைநாடகம் அது. தீசியஸ் தன்னை நம்பி வந்தவளைத் தீவில் விட்டுவிட்டுக் கப்பலேறிவிடுகிறான். அவள் கரையில் நின்று புலம்புகிறாள். விர்ஜீனியா அந்த்ரேயினி என்ற நடிகை அதைப் பாடியபோது சபையிலிருந்த சீமாட்டிகள் எல்லாரும் கண் கலங்கினார்கள் என்று பதிவு இருக்கிறது. மற்ற இசையெல்லாம் தொலைந்துபோக, இந்தப் புலம்பல் மட்டும் மிஞ்சியது. இது எல்லாரும் சொல்கிற கதை. அதிகம் பேசப்படாதது இன்னொன்று. ரினுச்சினி எழுதிய பிரதியில் அவள் தனியாகப் புலம்பவில்லை. நடுநடுவே மீனவர் குழு அவளுக்காக இரங்கிப் பாடுகிறது. அவர்களுடைய சொற்கள் பிரதியில் இருக்கின்றன, இசை இல்லை. புகழ்பெற்ற பாட்டைத்தான் படியெடுத்து வைப்பார்கள் என்று இசை வரலாறு படித்தவர்கள் சொல்லலாம். சரி, எது புகழ்பெறும் என்பதும் அரசியல்தானே. மோண்டெவெர்டியே 1614இல் இதை ஐந்து குரல்களுக்கு விரித்து அச்சிட்டார். ஐந்தும் அரியான்னாவின் குரல்தான். ஒரு குரல்கூட மீனவருடையது இல்லை.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கானல்வரியைச் சில வருஷம் மாணவர்களுக்குப் பாடமும் சொன்னவன் நான். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் பாடுவது மீன் உணங்கலைக் காக்கும் பரதவப் பெண்ணைப் பற்றி. அவள் வீட்டு ஆண்கள் கடலில் புகுந்து உயிர் கொல்கிறார்களாம், அவளோ உடலில் புகுந்து கொல்கிறாளாம். உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற தொழில் இங்கே ஒரு வணிகனின் காமத்துக்கு உவமையாகி முடிந்துபோகிறது. 'உவமைநயம் கூறுக' என்று கேள்வி கொடுத்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். மாதவி பதிலுக்குப் பாடுவது கைவிடப்பட்ட நெய்தல் பெண்ணின் குரலில். காதலன் தேர் போன தடத்தை அலை அழித்துவிட்டதே என்று கடலோடு பேசுகிறாள். தேரில் வந்தவன் வலைஞனாக இருக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். கோவலன் இந்த வேடத்தை நிஜம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். நிகழ்த்துதலுக்கும் தன்னிலைக்கும் உள்ள இடைவெளி பற்றி எழுத இதைவிட நல்ல பிரதி கிடைக்காது, எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முகமூடி யாருடைய முகத்திலிருந்து செய்தது?

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். பரதவர், மீன், உப்பு, தோணி எல்லாம் கருப்பொருள். ஜனங்களும் மீனும் ஒரே பட்டியலில். உணர்ச்சி தனிப் பட்டியலில், எவரும் வந்து எடுத்துக்கொள்ளும்படியாக.

போன முறை போயிருந்தபோது கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இறால் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு ஆயா தலை நிமிராமல் கேட்டார்:

"இன்னா கண்ணு, யாரு பூட்டாங்க?"

"யாரும் சாகல ஆயா. ஆம்பள விட்டுட்டுப் போயிட்டான்."

"அதுக்கு இவ ஒண்டியாவா அழுவுறா? கூடக் கட்டிக்கினு அழ ரெண்டு பொம்பளைங்க இல்லியா?"

ரினுச்சினி வைத்திருந்தது அதைத்தான். ஒப்பாரியில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் அவள் சாவை முன்னிட்டுத் தங்கள் சாவுகளையும் சேர்த்து அழுவார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றால் வேறு. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்கிற முறைவைப்பு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களில் வழங்கிவந்தது. இதை ஆதிப் பொதுவுடைமை என்று புல்லரிக்க நான் தயாரில்லை. பாடு ஆண்கள் பேரில்தான். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அதில் இடமில்லை. என்றாலும் முறை தவறினால் கேட்பதற்கு ஊர் கூடும். முகத்துவாரம் மணல் மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. அப்புறம் முறை இருந்து என்ன, இல்லாமல் என்ன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இந்த ஊர்கள் எதிர்த்ததில் இந்த பயமும் உண்டு. இழப்பு பற்றிப் பாட்டு வேண்டுமென்றால் இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை.

நண்பரிடம் சொன்னேன்: பண்ணுவதானால் அந்த மீனவர் குழுவையும் சேர்த்துப் பண்ணுங்கள். சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. மெட்டை இவர்கள் போடட்டும். அவருக்கும் உற்சாகம்தான். ஆயாவிடம் போய்க் கேட்டேன். "எத்தினி நாளு? மார்க்கெட்டுக்குப் போவாத நாளுக்குக் கூலி இன்னா?" என்றார்.

நண்பர் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.