மரச்சீனியும் இளையராசாவும்

விசாகம் திருநாள் ராமவர்மா (1837–1885) பற்றி எழுதுகிறவர்கள் ஒரு பட்டியலோடுதான் தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியவர், தாவரவியல் கற்றவர், மரச்சீனியைப் பரப்பிப் பஞ்சம் போக்கியவர். 1906-ல் நாகம் அய்யா எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் முதல் இன்றைய மலர்கள் வரை இந்தப் புகழ்ச்சி ஓயவில்லை. பட்டியல் பொய் என்று நாம் சொல்லவில்லை. அது எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்பதே நம் கேள்வி.

அவர் பிறப்பதற்கு முந்தின வருசம், 1836-ல், திருவிதாங்கூரில் சனத்தொகைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 12,80,000 பேரில் ஏறத்தாழ 1,65,000 பேர் அடிமைகள். எட்டுப் பேருக்கு ஒருவர். பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விலை பேசப்பட்ட காலம் அது. 1855-ல் அடிமைமுறை ஒழிந்தது என்றார்கள். விடுதலையானவன் கைக்கு ஒரு சென்ட் நிலம் வரவில்லை. 1859-ல் நாடார் பெண்கள் மேலுடுப்பு அணிய அனுமதி வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று நிபந்தனை.

1860-ல் இவர் இளையராசா ஆனார். பட்டம் கிடைத்தது 1880-ல். இடையிலே இருபது வருசம். படிக்க, எழுத, செடி வளர்க்க இருபது வருச ஓய்வு. அந்த ஓய்வு யார் முதுகில் விளைஞ்சது? 'பன்முகத் திறமை' என்று சொல்லும்போது இந்த நேரக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

அவருடைய மனைவி அருமனை அம்மவீட்டுக்காரர். மருமக்கத்தாய முறையில் ராசாவின் பிள்ளைக்கு முடி கிடையாது. ஆனாலும் அம்மவீட்டுக்குச் சொத்தும் மரியாதையும் உண்டு. அருமனை என்ற ஊர்ப்பெயர் அரண்மனை வரலாற்றில் ஏறியது இப்படித்தான். அதே ஊரில் மண் வெட்டினவன் பேரை எந்த மானுவலிலும் காணோம்.

மரச்சீனிக்கே வருவோம். மேடு கொத்தி, கம்பு நட்டு, காட்டுப்பன்னிக்குக் காவல் கெடந்து, கெழங்கு பிடுங்குனது யாரு? கைப்புக் கெழங்கை வேகவைத்து, தண்ணியை வடித்துக் கொட்டித் தின்னும் பக்குவம் கூலிக்காரப் பெண்களின் அடுப்பில் வாழ்ந்த அறிவு. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்னபோது எங்க சனத்தைக் காப்பாத்தினது அந்த அடுப்பும்தான்.

மயிலாடியில் பறையர் குலத்து மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை நடந்து திருச்சபையைத் தேடிப் பிடித்தார். 1806-ல் ரிங்கல்தௌபே வந்ததற்கு அவரே காரணம். வாரிசுரிமை ஏதும் இல்லாமல் ஒரு வரலாற்றையே திருப்பியவர். திறமை என்றால் இதுவும் திறமைதானே?

இனி வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் அரண்மனைத் தோட்டத்தோடு நில்லாமல் வெளை வரைக்கும் வரட்டும்.